பதினான்கு நொடி

அடுப்பில் நாடா வேகிறது.
ஐம்பத்துநான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
காளான் உலர்த்தும் பெட்டிதான். வீட்டில் என் மனைவி
இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பழைய நாடாவின் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும்.
அப்படியே ஓட்டினால் துரு உரிந்து
குரல் பழுப்புத் தூளாய் உதிரும்.
உலர்த்தினால் சில வாரம் தாங்கும்,
அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

துரு என்றுதான் சொன்னேன்.
அர்விட் குவோப்பலா முப்பத்தோரு ஆண்டு
கிருனா மலைக்கடியில் இரும்பு வெட்டினார்.
திசைகாட்டி முள் தடுமாறும் மலை அது.
ஓய்வு பெற்றபின் எங்கள் வானொலி அறையில் உட்கார்ந்து
பேசிய பேச்சும் இரும்பிலேயே போய் விழுந்தது:
கண்ணுக்குத் தெரியாத ஊசிகள்
வடக்கே சில, தெற்கே சில
சொல்லுக்குச் சொல் திரும்பிப் படுத்துக்கொண்டன.

பேட்டி எடுத்தவர் ஹில்டிங்.
புதுக் கருவி வந்த உற்சாகத்தில்
அன்று மாலையே ஒரு குறுந்தட்டும் எரித்துவைத்தார்.
எரிப்பது என்றுதான் சொல்வோம். புகை இல்லை.
லேசர் சாயத்தைச் சுட்டுக்கொண்டே போகும்,
உள்வட்டம் தொடங்கி வெளியே வரை தழும்பு.

மறுநாள் காலை அர்விட் திரும்பி வந்தாராம்,
காலணியின் பனியைக்கூடத் தட்டாமல்.
'வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொன்னேனே,
அந்த ஓர் இடத்தை எடுத்துவிடு.'
எடுத்தார். நாடாவுக்கு அது பெரிய காரியமில்லை.
ஊசிகளுக்கு ரோஷம் கிடையாது,
இன்னொரு காந்தம் வந்து சொன்னால்
இன்னொரு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

தட்டை மறந்துவிட்டார்.

ஹில்டிங்கும் போனார், அர்விட்டும் போனார்.
மே மாதம் மகள் ரௌனி வந்தாள்,
அப்பாவின் குரல் வேண்டும் என்று.
நாடாவை ஓட்டினேன். இருபத்திரண்டாம் நிமிடம்
பதினான்கு நொடி வெறும் இரைச்சல்.
'இது என்ன?'
நாடா பழுது என்று சொல்லியிருக்கலாம்.

தட்டை எடுத்தேன்.
ஒன்பது கோடை ஜன்னல் விளிம்பில் கிடந்தது,
இரவிலும் மறையாத வெயிலில்.
பச்சை நீலம் வெளுத்து ஓரம் தேநீர் நிறம்.
நாடாவைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் தேய்க்கிறோம்;
தட்டை யாரும் தொடுவதில்லை, ஒளி பார்த்துவிட்டுத் திரும்புகிறது.
அதே ஒளியின் மூத்த உறவுதான்
ஜன்னல் வழியே வந்து தின்றிருக்கிறது.

கருவி திணறியது, சுழன்றது, நின்றது.
நான்காவது முறை படித்தது.

ஒரு பெயர். பிறகு சின்னச் சிரிப்பு.
கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம்.
பெயரை இங்கே எழுதப்போவதில்லை.
ஊரே மூன்று கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தபின்னும்
அது ஓர் அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

ரௌனி கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.
'காந்தம் வைத்தால் அழியுமா?'
சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது.
'இந்த மலையையே தூக்கி வைத்தாலும்
அதற்கு உறைக்காது.'
'பிறகு?'
ஜன்னலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
'குறுந்தட்டு, ஒன்று. வாசிக்க இயலவில்லை. கழிக்கப்பட்டது.'
இந்த வேலையில் என் முதல் பொய்,
மையால் எழுதியது, அழிக்க முடியாது.

ஆகஸ்டில் அவள் வீட்டு வழியே போனேன்.
கருந்திராட்சைப் புதர் நடுவே
தூண்டில் நரம்பில் தொங்கிச் சுழல்கிறது தட்டு.
பழம் தின்ன வந்த பறவைகள் மிரண்டு
வேலியில் போய் உட்கார்ந்திருக்கின்றன.
சுவரெங்கும் துண்டு துண்டாய் வானவில்.
அவள் ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள்,
கையசைத்தாள், கூப்பிடவில்லை.

பெட்டியின் மணி அடிக்கிறது.
இன்றைய நாடா: மீன்பிடிச் சங்கம்,
ஆண்டுப் பொதுக்கூட்டம், இரண்டு மணி நேரம்.
யாரும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை.